சுமியின் முதல் நோன்பும் என் நாக்கும்

1

என் பாஸ்போர்ட்டுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. புதிதாக எடுக்க வேண்டும் என்று பாய் என்னை ஆபீசுக்கு அழைத்துப் போனார். பாய் என்றால் நான் வேலை செய்யும் வீட்டுக்காரர், கரீம் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர். இங்கே ஷார்ஜாவில் துணிக்கடை வைத்திருக்கிறார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் ஒருநாள், "தம்பி வூட்டுக்கு நம்பிக்கையா ஒரு ஆளு வேணும், போறியாம்மா?" என்று கேட்டார். புருஷன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்த நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இந்தப் பத்து வருஷம்.

கவுண்டரில் இருந்த தம்பி தமிழ் பேசினார்.

"பொறந்த ஊரு?"

"விக்கிரமங்கலங்க."

"மாவட்டம்?"

இந்த இடத்தில்தான் எனக்கு ஆரம்பித்தது. நான் பிறந்தபோது விக்கிரமங்கலம் திருச்சி மாவட்டம். பழைய பாஸ்போர்ட் எடுத்தபோது பெரம்பலூர் மாவட்டம். நான் இங்கே வந்தபிறகு அரியலூர் தனி மாவட்டம் ஆகிவிட்டது என்றார்கள். மறுவருஷமே, இல்லை, பெரம்பலூரோடு சேர்த்தாயிற்று என்றார்கள். இப்போது மறுபடியும் அரியலூர் தனியாகப் போகிறதாம். நான் ஓரிடத்தில் பிறந்துவிட்டுச் சும்மா இருக்கிறேன். ஊர்தான் கால் தரிக்காமல் போய்ப்போய் வருகிறது.

"எதும்மா போடறது?" என்றார்.

"நீங்களே பாத்து நல்லதா ஒண்ணு போடுங்க தம்பி" என்றேன்.

சொன்னதுதான் தாமதம், சிரிப்பு வந்துவிட்டது. வந்தால் போகாது. முந்தானையை வாயில் திணித்தேன், தோள் குலுங்கியது. தலையைக் குனிந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. வரிசையில் நின்றவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். பாய் மெதுவாக, "ஆயா, போட்டோ புடிக்கணும். அடக்குங்க" என்றார். புதுப் பாஸ்போர்ட்டில் என் படத்தைப் பார்த்தால் தெரியும். கன்னம் இரண்டும் வடையை ஒதுக்கி வைத்தது மாதிரி உப்பியிருக்கும்.

இது எனக்குச் சிறுவயதிலிருந்தே இருக்கிற வியாதி. மற்றபடி நான் கூச்சக்காரி. நாலு பேர் முன்னால் பேச்சு வராது, ஆனால் சிரிப்பு வரும். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார், "சிரிச்சு முடிச்சுட்டு உள்ள வா" என்று வெளியே நிறுத்தினார். முடியவில்லை, அதனால் வீட்டுக்கு வந்துவிட்டேன். படிப்பும் அதோடு முடிந்தது. இந்தக் குறிப்பை நான்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழையை மட்டும் நூரு, அதாவது பாயின் சம்சாரம், திருத்தித் தருகிறது.

2

பாஸ்போர்ட் வந்த அதே வாரம் செல்லம்மா போன் பண்ணினாள். பாடாலூர்ப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் பால்வாடி ஆயாவாக இருந்தேன். சமைப்பது, பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவது, சோறு போடுவது என் வேலை. இப்போது அந்த இடத்துக்குப் புதிதாக வந்திருப்பவள் செல்லம்மா.

"யக்கா, நல்லாருக்கியா? ஒரு சந்தேகம். சோறு தட்டுல வுழறதுக்குள்ள நாப்பது புள்ளைவளும் கைய வச்சிருதுவ. நீ இருந்தப்ப கடைசித் தட்டு வரைக்கும் ஒக்காந்திருக்கும்னு டீச்சரம்மா தெனம் சொல்லிக் காட்டுறாங்க. அப்புடி என்னாதான்க்கா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணலடி."

"மறைக்காத. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நெசமாத்தான்டி."

"எதாச்சும் மந்திரிச்சியா?"

அவ்வளவுதான். நான் சிரிக்க, அவள் "சிரிக்காதக்கா, எனக்குப் பொழப்பே போவுது" என்று சொல்லிக்கொண்டே தானும் சிரிக்க, போன் கட்டாகிவிட்டது.

பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். பால்வாடியில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிப் பிள்ளை தட்டில் சோறு விழுகிறவரை யாரும் கை வைக்கக் கூடாது. எல்லாருக்கும் ஆனதும் டீச்சரம்மா, "சாப்பிடலாமா?" என்பார். நாற்பது பிள்ளைகளும் கூரை பிய்கிற மாதிரி "சாப்பிடலாம்!" என்று கத்திவிட்டுக் கை வைக்கும். சாம்பார் சோற்றுக்கு இப்படிக் காத்திருப்பது பெரிதில்லை. முட்டை போடும் நாளில் பார்க்க வேண்டும். மூன்று வயது, நாலு வயது. எதிரே வெள்ளைவெளேரென்று முழு முட்டை. அதைத் தொடக்கூடாது.

என்னவெல்லாம் செய்வார்கள் தெரியுமா? ஒரு பெண் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். ஒரு பையன் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான், ஆனால் வாயை மூட மறந்துவிடுவான். இன்னொருவன் தட்டை ஓரமாக நக்குவான். கேட்டால், "ஓரம் சோத்துல சேராது ஆயா" என்பான். வள்ளி என்று ஒரு குட்டி. அவள் முட்டையிடமே பேசுவாள். "இரு, இரு. ஓடாத. அந்தக் கடைசிக்கு வரட்டும். ஒன்னயத்தான் திம்பேன்." நான் சட்டியோடு உள்ளே ஓடிப்போய் மூடியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பேன். "அஞ்சலை! நீயே இப்படிச் சிரிச்சா புள்ளைங்க எப்படி அடங்கும்?" என்று டீச்சரம்மா அங்கிருந்தே சத்தம் போடுவார்.

இதில் எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. புதிதாகச் சேர்கிற பிள்ளை முதல் நாள் சோற்றில் கையை விடும், தட்டி விட்டால் அழும். பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். மறுநாளும் கையை விடும், பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கும். இப்படியே ஒரு மாதம், இரண்டு மாதம். பிறகு ஒருநாள் பார்த்தால், தானாகவே சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். நேற்று வரை இல்லாத ஒன்று இன்றைக்கு இருக்கும். அது வருகிற அந்த நொடியை நான் ஒருதரமும் கண்ணால் பார்த்ததில்லை. நாற்பது பிள்ளைகளில் எங்கே பார்ப்பது?

பார்த்தது இங்கேதான், போன நோன்பு மாதத்தில். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

3

சுமி என்கிற சுமையா, நூருவின் ஒரே மகள். ஏழு வயது. நான் வந்து மூன்றாவது வருஷம் பிறந்தவள். அவள் பேசும் தமிழ் பாதி என்னுடையது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், லிப்டில் மலையாளம், டிவி முன்னால் இந்தி. கோபம் வந்தால் மட்டும் எங்கள் ஊர் பாஷை. பாடாலூரில் என் மகன் வயிற்றுப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள். போனைக் கொடுத்தால் "ம்" என்பாள், "ம்ம்" என்பாள், "அப்பாகிட்ட குடுக்கறேன் அப்பத்தா" என்பாள். அவளுக்கு நான் ஒரு போன் சத்தம். பாடாலூர்ப் பேச்சைத் திருத்தமாகப் பேசுகிறவள் இங்கே இருக்கிற இந்தப் பாய் வீட்டுப் பெண்தான்.

இரண்டு வயதில் சுமி என்றால் மாடி முழுவதும் பயப்படும். கேட்டது உடனே வரவில்லை என்றால் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முகம் நீலமாகும். நூரு "யா அல்லா" என்று கத்தும். நான் தண்ணீரை முகத்தில் அடிப்பேன். மூச்சு வந்ததும் கையில் கிடைத்ததைப் பால்கனி வழியாக எறிவாள். பாயின் செருப்பு ஒன்று கீழே பழக்கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தபோது நான் கதவைத் திறந்துவிட்டு, மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் சிரித்துவிட்டேன்.

நாலு வயதில் கொஞ்சம் மாறினாள். பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு, "அழாத. இப்ப வரும். அழுதா லேட்டாவும்" என்று அதட்டுவாள். அழுகை வந்தது பொம்மைக்கு இல்லை, அவளுக்குத்தான். ஐந்து வயதில், கோபம் வந்தால் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய் நின்று கத்திவிட்டு வருவாள். "முடிஞ்சுதா?" என்றால், "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று மறுபடி போவாள். ஆனாலும் முழுதாக அடங்கியவள் இல்லை. மாதத்துக்கு இரண்டு முறை தரையில் உருளுவாள்.

இந்த லட்சணத்தில் இருந்தவள்தான் இந்த வருஷம், "நான் முழு நோன்பு புடிக்கப் போறேன்" என்றாள்.

"ஏழு வயசுல ஒன்னய யாருடி கேட்டா?" என்றது நூரு. "பத்து மணிக்கே தரையில உருளுவ. வர்றவங்க முன்னாடி மானம் போவும்."

சுமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டில் நாலைந்து குடும்பம் சேர்ந்து நோன்பு திறக்கும். ஹாலில் நீளமாக விரிப்பு விரித்து, நோன்பு வைத்தவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக உட்காருவார்கள். வைக்காத பொடிசுகளுக்கு அடுக்களை வாசலில் தனியாக ஒரு சின்ன விரிப்பு. "எனக்கு அந்தப் பெரிய வரிசைல எடம் வேணும். பச்சப்புள்ளைங்களோட ஒக்கார மாட்டேன்" என்றாள்.

பாய் சொன்னார்: "சரி, ஒரு வெள்ளிக்கிழமை. முழுசாப் புடிச்சா எம்பக்கத்துல எடம். நடுவுல விட்டா, அடுத்த வருசம் வரைக்கும் இந்தப் பேச்சு கெடையாது. சம்மதமா?"

"சம்மதம்" என்று கை கொடுத்தாள், பெரிய வியாபாரி மாதிரி.

4

நோன்பு மாதத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அதைச் சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது.

நோன்பு வைத்தவர்கள் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்க மாட்டார்கள். கஞ்சியில் உப்பு சரியாக இருக்கிறதா என்று யார் பார்ப்பது? நோன்பு வைக்காத நாக்கு ஒன்று வேண்டும். எங்கள் கட்டடத்தில் அப்படி ஊரறிந்த நாக்கு என்னுடையதுதான். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். நாலு மாடி, எங்கள் வீட்டோடு சேர்த்துப் பன்னிரண்டு வீடு. "ஆயா, கொஞ்சம் நாக்கு குடுத்துட்டுப் போங்க" என்பார் கீழ்வீட்டுக் கீழக்கரை அம்மா. "உப்பு மதியோ ஆயா?" என்று கேட்கும் மலையாளத்துப் பெண். ஹைதராபாத் அம்மா முதல் வருஷம் கரண்டியை நீட்டி "நமக்?" என்றார். நமக்கு என்கிறாரே, எவ்வளவு பாசம் என்று உருகிப்போய், "ஐயோ, நமக்கெல்லாம் வேணாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று ஓடிவந்துவிட்டேன். அவர் கேட்டது உப்பை. அன்று அந்த வீட்டுக் கஞ்சியில் உப்பே இல்லையாம்.

வருஷம் முழுக்க யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் மாடிப்படி ஏறுகிறவள், அந்த முப்பது நாள் மட்டும் டாக்டர் மாதிரி வீடு வீடாகப் போவேன்.

மூன்று வருஷமாக சுமியும் என்னோடு வருவாள். அவளுக்கும் நோன்பு இல்லையே. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் எனக்கு ஒரு சொட்டு, பிறகு அவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு. பால்வாடியில் நான் அப்படித்தான் செய்வேன். சமையல் முடிந்ததும் பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு "உப்புப் பாரு" என்பேன். பிள்ளை நாக்கு பொய் சொல்லாது. சுமி நாக்கு அதிலும் தனி. நான் "சரியா இருக்கு" என்ற கஞ்சிக்கு அவள் "ஒரு கல்லு போடணும்" என்பாள். போட்டால் சரியாக இருக்கும்.

5

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. செப்டம்பர் மாதம், இங்கே இன்னும் வெயில் உரிக்கிற காலம். விடிவதற்கு முன்னால் எழுந்து, தயிர்ச்சோறு சாப்பிட்டு, நிய்யத் என்கிற உறுதிமொழி சொல்லி நோன்பு வைத்தாள்.

எட்டு மணி வரை ராணி மாதிரி இருந்தாள். எட்டரைக்கு வாஷ்பேசினில் துப்ப ஆரம்பித்தாள். எச்சில் விழுங்கினால் நோன்பு போய்விடும் என்று யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். துப்பித் துப்பி வாய் உலர்ந்தது. "எச்சி முழுங்கலாம்டி, அது ஒன்னோடதுதானே" என்று நூரு சொன்னபிறகுதான் நிறுத்தினாள். "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? எவ்வளவு வேஸ்ட்டாப் போச்சு" என்று வருத்தப்பட்டாள்.

பத்து மணிக்கு நூரு ஜாடையாக என்னைப் பார்த்தது. உருளுகிற நேரம். உருளவில்லை. தரை டைல்ஸில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். வலது கன்னம் சூடானதும் இடது கன்னம். அது சூடானதும் ஓரடி நகர்ந்து புது டைல்ஸ். இப்படியே ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்ச்சேர்ந்தாள்.

பன்னிரண்டு மணிக்குப் பிரிட்ஜைத் திறந்தாள். நான் கதவோரம் நின்று மூச்சுவிடாமல் பார்த்தேன். உள்ளே ஒரு மாம்பழம். அதையே பார்த்தாள். பிறகு அதை எடுத்துத் திருப்பி, முகம் அந்தப் பக்கம் இருக்கும்படி வைத்துவிட்டு மூடினாள். மாம்பழத்துக்கு எது முகம் என்று அவளுக்குத்தான் தெரியும். திரும்பினால் நான் நிற்கிறேன்.

"சும்மா பாத்தேன். பாக்கறது நோன்புல வராதுல்ல ஆயா?"

"எனக்கென்னடி தெரியும் கண்ணு."

"அது என்னயப் பாத்துச்சு. அதான் திருப்பி வச்சேன்."

நான் துணி காயப்போடுகிற சாக்கில் பால்கனிக்கு ஓடிவிட்டேன்.

இரண்டு மணிக்கு ஜன்னலில் உட்கார்ந்து வெள்ளைக் கார்களை எண்ணினாள். முந்நூறு எண்ணினால் பசி மறந்துவிடும் என்று அவளே வைத்துக்கொண்ட கணக்கு. இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பாதி வெள்ளை. அரை மணி நேரத்தில் முந்நூறு வந்துவிட்டது. "ஆயா, பசி மறக்கல" என்றாள். "செவப்புக் கார எண்ணு" என்றேன். எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள்.

நாலு மணிக்கு நான் கரண்டியை எடுத்தபோது முழித்துக்கொண்டாள். "நானும் வரேன்."

"நீ எதுக்குடி? நோன்புல இருக்கறவ."

"நாக்கு குடுக்க மாட்டேன். கரண்டி மட்டும் தூக்கிக்கறேன். வூட்டுல இருந்தா மாம்பழம் ஞாபகம் வருது."

கூட்டிப் போயிருக்கக் கூடாது. கூட்டிப் போனேன்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கதவு திறக்குமுன்பே, "நான் நோன்பு. ஆயா மட்டும்தான் பாப்பாங்க" என்று அறிவித்தாள். எல்லாரும், "மாஷா அல்லா, முழு நோன்பா?" என்றார்கள். வீட்டுக்கு வீடு அவள் ஓரங்குலம் வளர்ந்தாள். பதினோரு வீடு முடித்து எங்கள் அடுக்களைக்கு வந்தோம். பன்னிரண்டாவது கஞ்சி. கொதிக்கிறது. நூரு உள்ளே உடுத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. பதினோரு கஞ்சி பார்த்த நாக்கு மரத்துப் போயிருந்தது. இன்னொரு சொட்டு விட்டேன், அப்போதும் தெரியவில்லை.

பக்கத்தில் சுமி நின்றாள். என் கை, என்னைக் கேட்காமலே, கரண்டியைச் சாய்த்து அவள் பக்கம் போனது. அவள் கை, அவளைக் கேட்காமலே, குழிந்து நீண்டது. கஞ்சி விழுந்தது. உள்ளங்கை வாய்க்குப் போனது, நாக்கு நீண்டது.

தொட்டுவிட்டது.

6

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அவள் நாக்கு வெளியில் இருந்தது. கண் இரண்டும் என்னைப் பார்த்தன. பிறகு நாக்கை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள். மிச்சக் கஞ்சி இருந்த கையை மூடிக்கொண்டாள்.

அறுபதைத் தாண்டிய எனக்கு, எந்த இழவு வீட்டிலும் நிற்காத சிரிப்பு, அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஆயா, போச்சா?"

"தெரியலயேடி தங்கம்."

"இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்துச்சு."

உதடு கோணியது. நெஞ்சு மேலே ஏறியது. மூச்சைப் பிடிக்கப் போகிறாள் என்று தண்ணீர்ச் சொம்பைத் தேடினேன். அவள் மூச்சைப் பிடிக்கவில்லை. மூக்கு வழியாக மெதுவாக விட்டாள், மறுபடி இழுத்து மறுபடி விட்டாள். யாரும் சொல்லவில்லை. பொம்மை இல்லை, மெஷினுக்குப் பின்னால் போகவில்லை. என் கண் முன்னால், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே, வந்த அழுகையை வாசலோடு திருப்பி அனுப்பினாள். இத்தனை வருஷமாக நாற்பது நாற்பது பிள்ளைகளிடம் நான் பார்க்கத் தவறிய நொடி இதுதான் என்று அப்போது தெரியவில்லை. அப்போது எனக்கு இருந்தது பயம் மட்டும்.

"கைய கழுவுடி மொதல்ல."

"மாட்டேன். இது எனக்குக் குடுத்தது. பாங்கு சொன்னதுக்கு அப்பறம் நக்கிக்குவேன்."

"அது வரைக்கும்?"

"மூடி வச்சுருப்பேன்." பிறகு ரகசியமாகக் கேட்டாள்: "அத்தாகிட்ட சொல்லணுமா?" அத்தா என்று அவள் சொல்வது பாயை.

"அதான் கண்ணு எனக்கும் தெரியல."

"அல்லா பாத்திருப்பாரு. அதனால அவருக்கு நாம சொல்ல வேண்டியதில்ல. அத்தாவுக்குத்தான் தெரியாது." மூடிய கையைப் பார்த்தாள். "ஆனா தப்பு ஒன்னோடதா என்னோடதான்னு தெரியாம எப்படிச் சொல்றது?"

அதற்குள் வாசல் மணி அடித்தது. விருந்தாட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

7

அன்றைக்கு அவள் என்னென்ன வேலையை இடது கையால் செய்தாள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இடது கையால் கதவைத் திறந்தாள். இடது கையால் சலாம் சொன்னாள். தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவுகிற ஒளுவைச் செய்யாமல் தப்பிக்க, "நேத்தே செஞ்சுட்டேன்" என்றாள். போட்டோ பிடித்தபோது வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். கீழக்கரை அம்மா, "என்னா வாப்பா, கைக்குள்ள என்னா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, குளுருது" என்றாள். செப்டம்பரில்!

நோன்பு திறக்கிற பாங்குக்குக் கால்மணி இருக்கும்போது நூரு பச்சைக் கண்ணாடி வளையலோடு வந்தது. முதல் நோன்பு வைத்த பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. மனதுக்குள் அதற்குப் பெருமை தாங்கவில்லை.

"கைய நீட்டும்மா."

இடது கை நீண்டது. நூரு போட்டுவிட்டது.

"அந்தக் கை."

"வேணாம்."

"சுமி, எல்லாரும் பாக்கறாங்க."

"அதுக்கு வேணாம்."

"வெரல விரி. விரிச்சாத்தான் வளையல் ஏறும்." நூரு அவள் கையைப் பிடித்து விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தது. இரும்புப் பிடி. "பாத்தீங்களா? நான் சொன்னேன்ல? நாள் பூரா இருந்துட்டு, கடைசி நேரத்துல ஆரம்பிச்சுட்டா. பசி தாங்கல. இதுக்குத்தான் இப்ப வேணாம்னேன்." பாயைப் பார்த்து, "நீங்கதான் எடம் குடுத்தீங்க. பச்சப்புள்ளைங்களோடவே ஒக்காரட்டும்" என்றது.

நான் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். சுமியின் முகம் கன்றிச் சிவந்திருந்தது. ஆனால் உருளவில்லை, கத்தவில்லை. கையை மட்டும் விரிக்கவில்லை. கண் என் திரைப் பக்கம் வந்தது. கூப்பிடவில்லை, சும்மா பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் நிற்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பத்து வருஷத்தில், வெளி ஆண்கள் உட்கார்ந்திருக்கும்போது நான் அந்த ஹாலுக்குள் கால் வைத்ததில்லை. தட்டைத் திரைக்கு வெளியே நீட்டுவேன், நூரு வாங்கிக்கொள்ளும். அன்றைக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. கையில் கரண்டியோடு நடு ஹாலில் நின்றேன். அத்தனை கண்ணும் என்மேல்.

"நாந்தாங்க" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"என்னா ஆயா?"

"பழக்கத்துல உப்புப் பாக்கச் சொல்லி கையில ஊத்திட்டேன். அதும் மறந்துபோய் வாயில வச்சிருச்சு. எம்மேல தப்பு. நோன்பு போயிருந்தா, அது எங்கணக்குல எழுதிக்கங்க. புள்ளைக்கு அந்த எடத்தக் குடுத்துருங்க."

பாய் மகளைப் பார்த்தார்.

"முழுங்கினியா?"

"தெரியல அத்தா. நாக்கு மறந்து வெளிய போயிருச்சு. ஞாபகம் வந்தவொடனே உள்ள கூப்ட்டேன். வந்துச்சு. ஆனா ருசியும் கூடவே வந்துருச்சு."

யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"மறந்து ஒரு தட்டுச் சோறே தின்னாலும் நோன்பு முறியாதும்மா" என்றார் பாய். "அது அல்லா ஊட்டி விட்டது."

சுமி நம்பவில்லை. "நெசமாவா? ஆனா மிச்சத்த நான் மறக்கல."

"எது மிச்சம்?"

முஷ்டியை முன்னால் நீட்டினாள். "இது. ஞாபகம் இருக்கு. அதான் மூடி வச்சுருக்கேன். அஞ்சு மணிலேருந்து."

நூரு அந்தக் கையைப் பார்த்தது. பிரிக்கப் பார்த்த விரலில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது. வளையலைக் கீழே வைத்துவிட்டு அந்த முஷ்டியை அப்படியே தூக்கி முத்தமிட்டது. அதன் கண் கலங்கிவிட்டது. பாய் தன் பக்கத்தில் இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொன்னார். ஓர் ஆள் இடம் உண்டாயிற்று. சுமி போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

எதிர்ப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. பாய் பேரீச்சம்பழத்தை நீட்டினார். வாங்க வலது கை வேண்டும். எல்லாரும் தங்கள் பழத்தைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்தார்கள். மெதுவாக விரலைத் திறந்தாள். கஞ்சி காய்ந்து உள்ளங்கையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. முறைப்படி பழத்தைக் கடித்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். பிறகு உள்ளங்கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்து, அவசரமே இல்லாமல், ஒரு நக்கு நக்கினாள். கண்ணை மூடி யோசித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

எல்லாரும் கிண்ணத்தை எடுத்தார்கள். ஒரு வாய் குடித்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாய் என் பக்கம் திரும்பி, மரியாதையாக, "ஆயா, கொஞ்சம் உப்பு..." என்று ஆரம்பிக்கும்போதே வாசல் மணி அடித்தது. இரண்டாம் மாடி மலையாளத்துப் பெண், கையில் கஞ்சிக் கிண்ணம். அவள் பின்னால் ஹைதராபாத் அம்மாவின் மகன், கையில் இன்னொரு கிண்ணம். "நமக்?" என்றான்.

ஒரு மணி நேரமாக எங்கேயோ ஒளிந்திருந்த சிரிப்பு அப்போது வந்தது. கரண்டி கையிலிருந்து விழுந்தது. நிற்க முடியவில்லை. அத்தனை ஆண்கள் முன்னால், அந்த விரிப்பின் ஓரத்தில், சுமிக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்தது சுமி ஒருத்திதான். ஒரு கையால் கஞ்சியைக் குடித்துக்கொண்டே, இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"மூக்கால மூச்ச விடு ஆயா. மெதுவா. இப்ப இழு. போயிரும், போயிரும். இன்னும் கொஞ்சம்தான்."

நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். எனக்குப் போகவில்லை.